வெள்ளி மதியம் கடைசி பஸ்: இஸ்ரேலில் வார விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

2016 செப்டம்பரில் முதியோர் பராமரிப்பு வேலைக்காக இஸ்ரேல் போனேன். எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், நான் பார்த்துக்கொள்ள வேண்டிய பாட்டியின் மகள் ஒரு தாளை மேசையில் வைத்து, "வாரத்தில் உனக்கு எந்த நாள் விடுமுறை வேண்டும்? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்று சொல்" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, "ஞாயிறு" என்று சொல்லிவிட்டேன். சின்ன வயசிலிருந்து பூசைக்குப் போகிற நாள் அதுதானே. அந்த ஒரு சொல்லோடு ஒன்றரை வருஷம் தனியாகக் கிடந்தேன்.

இப்போது ஊரிலிருந்து இதே வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். விடுமுறை நாளைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அங்கே போய் நாம் எப்படி இருப்போம் என்பதைச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக அந்த நாள்தான் முடிவு செய்கிறது. ஆகவே எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நேரமும் ஓய்வும் பற்றி அங்கே 1951-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. யூதர் என்றால் வார ஓய்வில் ஷபாத், அதாவது வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடிகிற சனிக்கிழமை ஓய்வு, கட்டாயம் அடங்கியிருக்க வேண்டும். யூதர் அல்லாதவர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பொதுவாகத் தொழிலாளிக்குத் தொடர்ச்சியாக 36 மணி நேரம் ஓய்வு. வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு 25 மணி நேரம். ஓய்வு நாளில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. எந்த நாள் என்பதை முதலாளி நம் தலையில் கட்ட முடியாது, அது நம் உரிமை. ஆனால் அந்த 25 மணி நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை நாம் பேசித்தான் வாங்க வேண்டும். அதை எனக்குச் சொல்லித் தர அப்போது ஆள் இல்லை.

முதல் வீடு பெத்தாஹ் திக்வாவில். தெல் அவிவுக்குக் கிழக்கே இருக்கிற ஊர். பாட்டிக்கு எண்பத்தாறு வயது. சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், ஹீப்ருவில் பாட்டி என்று அர்த்தம். ஷபாத்தை ஒரு இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வீடு பரபரப்பாக இருக்கும். சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைத்து, ஒரு மின்தட்டின் மேல் பாத்திரங்களை அடுக்கி வைத்துவிடுவோம். பிளாட்டா என்று சொல்வார்கள். ஒருமுறை போட்டால் ஷபாத் முடிகிற வரை அது சூடாகவே இருக்கும். விளக்குகளுக்குத் தானாக எரிந்து அணைகிற கடிகார ஸ்விட்ச். குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே லைட் எரியக் கூடாது என்று அந்த பல்பைக்கூடக் கழற்றிவிடுவோம். கட்டிடத்து லிப்டும் அன்றைக்குப் பட்டனை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். சவ்தா மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வார். அதன்பின் ஒருவரும் ஒரு ஸ்விட்சையும் தொட மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அதிகாலை, பழக்க தோஷத்தில் கழிவறை விளக்கை நான் அணைத்துவிட்டேன். சவ்தா வாக்கரைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். விளக்கைப் போடு என்று சொல்லவில்லை, அப்படி ஏவக் கூடாது என்பது அவர்கள் முறை. "இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்றார், என்னைப் பார்க்காமலே. நானும் தலையை ஆட்டிவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டில் வயசானவர்கள் விழுந்துவிடுவார்கள்" என்றார். அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் போட்டேன். அதற்கப்புறம் அவர் சொல்லுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சனிக்கிழமை அந்த வீட்டில் யூதர் அல்லாத ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் ஞாயிறு கேட்டதும் அந்த மகள் முகம் மலர்ந்ததற்குக் காரணம் அதுதான். அவர் குடியிருந்தது எருசலேமில். ஷபாத்தில் வண்டி ஏற மாட்டார். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை என்றால் அவர் வெள்ளி மதியமே குடும்பத்தை விட்டு வந்து தாயோடு இரண்டு ராத்திரி தங்க வேண்டும். ஞாயிறு என்றால் காலையில் பஸ் ஏறி வந்து, திங்கள் காலை திரும்பிவிடலாம். அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனுஷி, ஒரு ஞாயிறுகூட என் விடுமுறையைப் பிடித்து வைத்ததில்லை. ஆனால் எனக்கு எது நல்லது என்று யோசிக்கிற இடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், நானோ யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தால் ஊர் முழுக்க வேலை நாள். ஹீப்ருவில் அதன் பெயரே யோம் ரிஷோன், முதல் நாள். பஸ் ஓடும், கடை திறந்திருக்கும், தெல் அவிவின் கார்மேல் சந்தையில் கூட்டம் நெரியும். எல்லாம் சரி. என்னோடு சந்தைக்கு வர ஆள் கிடையாது. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தெல் அவிவின் தெற்கே, மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வாரம் ஒரு நாள் தங்குவதற்கு ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். வேலை வீட்டில் நமக்கென்று ஒரு கட்டில்தான் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாமாக இருக்க ஓர் இடம் வேண்டுமே. மற்ற ஏழு பேருக்கும் சனிக்கிழமை விடுமுறை. நான் ஞாயிறு போய்க் கதவைத் திறந்தால், முந்தின நாள் அவர்கள் வைத்த மீன்குழம்பின் மணம் மட்டும் இருக்கும். எனக்கென்று ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருப்பார்கள். அதைச் சூடாக்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சரி, பூசைக்காகத்தானே ஞாயிறு எடுத்தோம் என்று தெல் அவிவை ஒட்டிய யாஃபாவில் இருக்கிற புனித அந்தோணியார் கோயிலுக்குப் போனால், நான் போன நேரத்தில் அரபு மொழியில் பூசை. அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் அரபு பேசுகிறவர்கள், அவர்களுக்கு அதுதான் முறை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஆங்கிலப் பூசை, பாட்டு, காப்பி, ஊர்க்கதை எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்கும். தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு என்பதால் திருச்சபையே சனிக்கிழமைக்கு நகர்ந்து வந்திருக்கிறது. நான்தான் அது தெரியாமல் ஞாயிறைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு நன்மை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு எனக்கு விடுமுறை என்றால் ஊரில் பிள்ளைகளுக்கும் விடுமுறை. இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். கோடையில் நம் நேரத்துக்கும் அங்கத்து நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் மூன்றரை. நான் காலை பத்து மணிக்குப் போன் போட்டால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். மகன் தட்டைக் காட்டுவான், மகள் என்ன மீன் என்று சொல்வாள். சனிக்கிழமைக்கு மாறினால் இது போய்விடுமே என்ற பயத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் மாறாமல் இருந்தேன். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள், லேசான விஷயம் இல்லை.

அங்கே சனிக்கிழமை வேலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு ஷபாத் இரவு சவ்தா படுக்கையிலிருந்து சரிந்து விழுந்து நெற்றியில் அடி. ரத்தம். மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, மகனுக்கும் அப்படியே. ஷபாத்தில் போனையே அணைத்து வைத்துவிடுவார்கள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவில்லை. கை நடுங்கக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரும் ஆசாரமான யூதர். ஒரு கணம்கூடத் தயங்காமல் தன் போனை எடுத்து 101-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது, சவ்தா பிழைத்துக்கொண்டார். உயிர் போகிற விஷயம் என்றால் ஷபாத் விதிகள் விலகி நிற்கும், அது அவர்கள் மார்க்கத்திலேயே உள்ள கட்டளை என்று அந்த மனிதர் மறுநாள் எனக்கு விளக்கினார். ஆசாரமான வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அவசரம் என்றால் பக்கத்தில் யார் கதவைத் தட்டலாம்? 101-ஐ அழைப்பதற்கு ஒருத்தருடைய அனுமதியும் வேண்டாம்.

2018 தொடக்கத்தில் சவ்தா இறந்துபோனார். அடுத்த வீடு கிவதாயிமில், தெல் அவிவை ஒட்டி. இந்த முறை ஒரு தாத்தா, சபா என்று கூப்பிட வேண்டும். மத ஆசாரம் இல்லாத குடும்பம். வீட்டுக்குப் போவதற்கு முன்பே, எங்கள் அறை வீட்டில் மூத்தவரான கோட்டயத்துச் சேச்சி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ எந்த நாள் வேண்டும் என்று முதலில் சொல்லாதே. உன் இடத்தில் யார் வந்து உட்காருவார்கள், அவர்களுக்கு எந்த நாள் ஓய்வு என்று கேள். அதற்கப்புறம் உன் நாளைச் சொல்" என்றார். நான் கேட்ட புத்திமதிகளில் இதைவிடப் பிரயோஜனமானது வேறு இல்லை.

கேட்டேன். சபாவின் மகன் அலுவலகத்தில் வேலை, ஞாயிறு முதல் வியாழன் வரை. மகள் பள்ளி ஆசிரியை. அங்கே பள்ளிக்கூடங்கள் வெள்ளியும் உண்டு, ஆகவே அவர் வெள்ளி மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வர முடியும். இவர்கள் சனிக்கிழமை காரில் தாராளமாக வருவார்கள், ஆனால் ஞாயிறு ஒருத்தராலும் வர முடியாது. இங்கே நான் பழையபடி ஞாயிறு கேட்டிருந்தால் வாரா வாரம் சண்டைதான், இல்லையென்றால் அன்றும் வேலை செய்து காசு வாங்கிக்கொள் என்பார்கள். சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஆசாரமான வீடு உங்களை ஞாயிறு பக்கம் தள்ளும், ஆசாரம் இல்லாத வீடு சனி பக்கம் தள்ளும். வேலைக்கு வீடு தேர்ந்தெடுக்கிறபோதே உங்கள் விடுமுறை நாளும் பாதி முடிவாகிவிடுகிறது. அந்த நாள் உங்களுக்கு ஒத்து வருமா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சனிக்கிழமை சொன்னேன்.

அடுத்தது மணி. இதில்தான் அநேகம் பேர் ஏமாறுகிறார்கள். மகன் எழுதி வைத்திருந்தது: சனி காலை எட்டு முதல் ஞாயிறு காலை ஒன்பது வரை. எண்ணிப் பார்த்தால் சரியாக 25 மணி நேரம், சட்டப்படி குறையே இல்லை. ஆனால் சனி காலை எட்டு மணிக்கு வெளியே வந்து எதில் ஏறுவது? வெள்ளி பிற்பகலோடு பஸ், ரயில் எல்லாம் நின்றுவிடும், சனி இரவு ஷபாத் முடிந்த பிறகுதான் மறுபடி ஓடும். நாடு உருவாவதற்கு முன், 1947-ல், பின்னாளில் முதல் பிரதமரான பென் குரியன் மதவாதக் கட்சிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் சனிக்கிழமையே ஓய்வு நாள் என்று உறுதி சொல்லியிருக்கிறார். அப்போதிருந்த வழக்கம் எந்தெந்த ஊரில் எப்படியோ, பெரும்பாலும் அப்படியே நீடிக்கிறது. ஹைஃபா நகரில் பழைய வழக்கப்படி சனியன்றும் சில பஸ்கள் ஓடும், அங்கே வேலை கிடைத்தவர்களுக்கு அந்த அளவுக்கு நிம்மதி. தெல் அவிவுக்குள் 4, 5 எண் ஷெருத் வண்டிகள் ஓடும், நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. 2019 நவம்பரில் தெல் அவிவும் பக்கத்துச் சில நகராட்சிகளும் சேர்ந்து ஷபாத்தில் இலவச பஸ் விட்டன. கிவதாயிமும் அதில் இருந்தது, முதல் சனிக்கிழமை அதில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னால் ஒன்றரை வருஷமாக அந்தத் தூரத்தை வெயிலிலும் மழையிலும் முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறேன். 2023-ல் திறந்த சிவப்புத் தட இலகு ரயிலும் ஷபாத்தில் கிடையாது, இப்போது போகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து 25 மணி நேரத்தைக் கேட்காதீர்கள். பஸ்ஸைப் பார்த்துக் கேளுங்கள். வெள்ளி மதியம், கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்ப வேண்டும். சனி இரவு, முதல் பஸ்ஸில் திரும்ப வேண்டும். ஷபாத் தொடங்குகிற நேரம் சூரியனோடு நகர்ந்துகொண்டே இருக்கும். டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே தொடங்கிவிடும், ஜூன் கடைசியில் ஏழு மணிக்கு மேல். முடிவதும் அப்படித்தான், குளிர்காலத்தில் ஐந்தேகால் வாக்கில், கோடையில் எட்டரை. பஸ் நிற்பது அதற்கும் முன்னால். குளிர்காலத்தில் மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று இருந்தால் நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டியதுதான். இரண்டு மணிக்கே வீட்டை விட்டு இறங்கினால் எந்தப் பருவத்துக்கும் சரியாக இருக்கும்.

வெள்ளி இரண்டு மணி முதல் சனி இரவு வரை என்றால் குளிர்காலத்தில் 28 மணி நேரம், கோடையில் 31 கூட ஆகும். சட்டம் சொல்வதைவிட அதிகம். மகனுக்கு அது நெருடியது. நான் பயந்துபோய், வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர்கள் குடும்பம் முழுவதற்கும் இரவுச் சாப்பாடு சமைத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். உடனே சரி என்றார்கள். மூன்றே முக்கால் வருஷம், வாரா வாரம் ஏழு பேருக்குச் சமைத்தேன். இப்போது நினைத்தால் அப்படி வாய் கொடுத்திருக்க வேண்டியதில்லை. பஸ் இல்லாதது என் குற்றமல்ல, அதைப் பேசிப் புரிய வைத்திருக்கலாம். என் வேலை ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது. பேரப்பிள்ளைகளுக்குச் சமைப்பது அதில் இல்லை. கேட்கிறபோது எதையும் கூடுதலாகக் கொடுக்க முன்வராதீர்கள், முதலில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பேசி முடித்ததைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளின் பெயரையும் மணியையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இரண்டாம் நாள் என்று சொன்னால் அது திங்கள். நான் முதல் மாதத்தில் அதைச் செவ்வாய் என்று எண்ணி, சவ்தாவை டாக்டரிடம் ஒரு நாள் தாமதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கணக்கில் தகராறு வந்தால் தெல் அவிவில் காவ் லாஓவெத் என்ற தொழிலாளர் உதவி அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டவர்களுக்கும் கேட்டு வழி சொல்வார்கள்.

சனிக்கிழமைக்கு மாறியபின் என் வாழ்க்கையே வேறு மாதிரி ஆனது. வெள்ளி மாலை, தெல் அவிவின் மற்ற தெருக்களில் ஷட்டர்கள் இறங்குகிற நேரத்தில், நெவே ஷானான் தெருவில் கூட்டம் கூடும். பிலிப்பைன்ஸ்காரர்கள், நேபாளிகள், இலங்கைக்காரர்கள், நாங்கள். உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துருவலும் அங்கே கிடைக்கும். அம்னூன் என்று விற்கிற திலேப்பியா மீனை வாங்கி, மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்கா புளி கரைத்துக் குழம்பு வைப்பார், நான் மரச்சீனி அவித்துத் தாளிப்பேன். எட்டுப் பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் யார் யாரை எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கொட்டித் தீர்ப்போம். சனி காலை யாஃபாவுக்குப் போவோம். சனிக்கிழமைப் பூசை மனசுக்கு ஒட்டுமா என்று ஆரம்பத்தில் உறுத்தியது. ஞாயிறுக்குரிய வாசகங்களையே அங்கே வாசிப்பார்கள், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பிள்ளைகளோடு பேசுவதற்கு சபா மதியம் தூங்குகிற நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். முன்னைப் போல மணிக்கணக்கில் பேச முடியவில்லை, அந்த ஒரு குறை கடைசி வரை இருந்தது.

விடுமுறையை விற்பது பற்றியும் சொல்கிறேன். ஒன்றரை மடங்கு கூலிக்கு ஆசைப்பட்டு, மாதத்தில் நாலு சனிக்கிழமையும் வேலை செய்கிறவர்கள் எங்கள் நடுவில் இருந்தார்கள். கடன் இருந்தால் வேறு வழியில்லை, எனக்கும் ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் இருந்தது. நானும் ஆரம்பத்தில் மாதம் இரண்டு விற்றேன். 2020-ல் கொரோனா வந்தபோது, சபாவுக்குத் தொற்றிவிடக் கூடாதென்று மூன்று மாதம் தொடர்ச்சியாக வெளியே போகாமல் இருந்தேன். காசு வந்தது. மூன்றாம் மாதம், சபா ஒரே கேள்வியை ஐந்தாவது தடவை கேட்டதற்கு அவரிடம் கத்திவிட்டேன். எண்பத்தொன்பது வயசு மனுஷர், குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சமையலறையில் போய் அழுதேன். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் விற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பத்துக் கட்டளையில் ஓய்வு நாளைப் பற்றிச் சொல்கிற இடத்தில், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் அன்றைக்கு ஓய வேண்டும் என்று இருக்கிறது. சின்ன வயசில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தபோது அந்த அந்நியன் யாரென்று நான் யோசித்ததில்லை. சபாவின் மகளிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வெள்ளியிலிருந்து ஒன்றே முக்காலுக்கே வந்து, "நீ கிளம்பு, பாத்திரத்தை நான் கழுவிக்கொள்கிறேன்" என்பார்.

கடைசியாகப் பண்டிகைகள். வார ஓய்வு வேறு, பண்டிகை விடுமுறை வேறு. வருஷத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு உண்டு, உங்கள் மதப் பண்டிகைகளை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். வருஷத் தொடக்கத்திலேயே தேதி போட்டுக் கொடுத்துவிடுங்கள், டிசம்பர் 20-ஆம் தேதி போய்க் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டால் மாற்று ஆள் கிடைக்காமல் அவர்களும் திண்டாடுவார்கள். யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று தெருவில் கார்கூட ஓடாது, அதை விடுமுறையாக எடுத்து எங்கும் போக முடியாது. யூதப் புத்தாண்டு இரண்டு நாள், அது வியாழன் வெள்ளியில் வந்து ஷபாத்தோடு ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் கடை இருக்காது, மருந்தையும் பாலையும் புதன் காலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். நான் ஷபாத் நேரங்கள் அச்சிட்ட காலண்டர் ஒன்றைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, கடைசி பஸ் நேரத்தைச் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். 2021 டிசம்பரில் நான் கிளம்பியபோது, எனக்கு அடுத்து வந்த பெண் அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.